நாட்டுக்குரங்கு: அதன் வாழ்க்கையும் நம் வயலும்

(வானொலியின் பண்ணை நிகழ்ச்சியில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் பேசியது)



ஆடிப்பட்டத்து நிலக்கடலை அறுவடை முடிந்த சமயம். ஒரு கிராமத்தில் விதைக்கடலை எடுத்து வைப்பது பற்றிப் பேசப் போயிருந்தேன். நன்றாக முற்றின காயாகப் பார்த்து எடுக்கணும், ஈரம் போகக் காய வைக்கணும் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு பெரியவர் எழுந்தார். "சுருள்பூச்சிக்கு மருந்து சொன்னீங்க, வேரழுகலுக்கு மருந்து சொன்னீங்க. இப்போ விதைக்கு எடுத்து வைக்கச் சொல்றீங்க. எடுத்து வைக்க எங்கிட்ட என்ன சார் இருக்குது? பாதி மல்லாட்டையைக் குரங்கு பிடுங்கித் தின்னுட்டுது. அதுக்கு ஒரு மருந்து சொல்லுங்களேன்" என்றார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு இருப்பதே முக்கால் ஏக்கர்தான்.

குரங்குக்கு மருந்து கிடையாது. ஆனால் அவர் கேட்டதிலே ஒரு நியாயம் இருந்தது. ஒரு பூச்சி வந்துவிட்டது என்றால் நாங்கள் என்ன செய்கிறோம்? அது எங்கே முட்டை வைக்கிறது, எத்தனை நாளில் புழுவாகிறது, பகலில் எங்கே ஒளிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மருந்து சொல்கிறோம். குரங்கைப் பற்றி அந்தக் கேள்விகளை நாம் கேட்பதே இல்லை. தினம் பார்க்கிற பிராணி, அதைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். அதனால் இன்றைக்கு அதன் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்ப்போம். அதிலேயே நமக்கு வேண்டிய யோசனையும் இருக்கிறது.

நம் கோயில், குளம், சாவடி, சாலையோரப் புளியமரம் எல்லாவற்றிலும் இருப்பது நாட்டுக்குரங்கு. உச்சந்தலையில் மயிர் நடுவிலிருந்து சுற்றிலும் கதிர்போல விரிந்து, ஒரு குல்லா வைத்தாற்போல இருக்கும். வால் உடம்பு நீளத்துக்குக் குறையாமல் இருக்கும். விஞ்ஞானிகள் மக்காக்கா ரேடியேட்டா என்று இதற்குப் பெயர் வைத்ததே அந்தத் தலைமயிரைப் பார்த்துத்தான். பெரிய கடுவன் சராசரியாக ஆறு, ஏழு கிலோ இருக்கும். பெண்குரங்கு நான்கு கிலோ அளவுதான். ஒரு சேவலும் ஒரு கோழியும் சேர்ந்தால் வருகிற எடை. அவ்வளவு சின்ன உடம்பை வைத்துக்கொண்டு அது நம்மைப் படுத்துகிற பாடு!

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. இந்தக் குரங்கு உலகத்திலேயே தென்னிந்தியத் தீபகற்பத்தில் மட்டும்தான் இருக்கிறது. வடக்கே காசியிலும் டில்லியிலும் பார்க்கிற குரங்கு வேறு. அதற்குச் செம்முகக் குரங்கு என்று பெயர். வால் குட்டை, பின்புறம் செம்பழுப்பாக இருக்கும். நம்மிடம் இருக்கிற நீண்ட வால் சாம்பல் மந்தி, கரிய முகத்தோடு இருக்குமே, அதுவும் வேறு சாதி. அது முக்கியமாக இலையைத் தின்னும். மாட்டுக்கு அசைபோடும் வயிறு இருக்கிற மாதிரி, மந்திக்கும் இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கிற அறைகள் உள்ள வயிறு உண்டு. நாட்டுக்குரங்குக்கு அந்த வசதி கிடையாது. அதற்குப் பதிலாக அதனிடம் இருப்பது தாடைப்பை.

இந்தத் தாடைப்பைதான் நமக்கு எதிரி என்று சொல்லவேண்டும். இரண்டு கன்னத்துக்கும் உள்ளே தோல் பை மாதிரி இருக்கிறது. நிறைந்தால் கழுத்துவரை புடைத்துத் தெரியும். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு வயிறு கொள்ளும் தீனியைப் பிடிக்கும். வயலில் இறங்கிய குரங்கு அங்கேயே உட்கார்ந்து மென்று தின்னாது. செடியைப் பிடுங்கும், காயை உருவும், அதக்கும், அடுத்த செடிக்குப் போகும். நீங்கள் கம்பை எடுத்துக்கொண்டு வரப்பில் ஓடி வருவதற்குள் அதன் வேலை முடிந்துவிட்டது. மரத்தில் ஏறி, புறங்கையால் கன்னத்தை அமுக்கி, ஒவ்வொன்றாக வாய்க்குள் தள்ளி நிதானமாகத் தின்னும். "அஞ்சே நிமிஷந்தான் சார் தண்ணி திருப்பப் போனேன்" என்பார்கள். அந்த ஐந்து நிமிஷம் அதற்குத் தாராளம்.

அதன் கண்ணும் நம் கண் மாதிரி. மாட்டுக்கு நம்மைப்போல எல்லா நிறமும் பிரித்துத் தெரியாது. குரங்குக்குத் தெரியும். பச்சை இலைக்கு நடுவில் செங்காய் எது, பழம் எது என்று தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடும். அதனால் வயலைச் சுற்றிச் சிவப்புச் சேலை, மஞ்சள் துணி என்று கட்டுவதால் மட்டும் அது மிரளாது. முதல் நாள் சந்தேகப்படும். மூன்றாம் நாள் அந்தச் சேலையைக் கிழித்து விளையாடும்.

சரி, எதைத் தின்கிறது? எதைத் தின்னாது என்று கேட்பது சுலபம். ஆலம்பழம், அரசம்பழம், அத்தி, புளியம்பூ, கொழுந்து, புல்விதை, உண்ணிப்பழம், வெட்டுக்கிளி, சிலந்தி, பறவை முட்டை எல்லாம் அதன் சாப்பாடு. ஒன்று இல்லாவிட்டால் ஒன்று. இதுதான் அதன் பலம். மேற்கு மலைத்தொடரில் சிங்கவால் குரங்கு இருக்கிறதே, அதுவும் இதற்குச் சொந்தம்தான். ஆனால் அதற்கு மழைக்காடு வேண்டும், கிளையோடு கிளை பின்னிய பெரிய மரங்கள் வேண்டும். காடு துண்டு துண்டானதும் அது திண்டாடிப் போயிற்று. இப்போது எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்கும் குறைவாகத்தான் இருக்கும் என்கிறார்கள். நாட்டுக்குரங்குக்கு அப்படி ஒரு பிடிவாதம் கிடையாது. காடு இருந்தால் காடு, தோப்பு இருந்தால் தோப்பு, ஒன்றும் இல்லாவிட்டால் பஸ் ஸ்டாண்ட்.

மனிதனைப் படித்து வைத்திருப்பதில் அதற்கு இணை இல்லை. கர்நாடகத்தில் பண்டிப்பூர்க் காட்டுச் சாலையோரக் குரங்குகளை ஆராய்ந்தவர்கள் 2018-இல் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். அங்கே சில குரங்குகள் கையில் தின்பண்டம் வைத்திருக்கிற ஆளைப் பார்த்து, 'கூ' என்று ஒரு சத்தம் கொடுத்து, கையை நீட்டிக் கேட்கின்றனவாம். ஆள் தன்னைப் பார்க்கிறானா என்று கவனித்து, கிடைக்கும்வரை நீட்டிக்கொண்டே இருக்குமாம். இதைக் காடு அதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை. காரை நிறுத்தி பிஸ்கட் போட்டவர்கள் கற்றுக்கொடுத்தார்கள்.

இனி அதன் குடும்பத்துக்கு வருவோம். இங்கேதான் நாம் பெரிய தப்புப் பண்ணுகிறோம், நான் உட்பட.

ஒரு கூட்டத்தில் பத்து இருக்கலாம், நாற்பது, ஐம்பதும் இருக்கலாம். முன்னே நடக்கிற பெரிய கடுவனைப் பார்த்து, 'அதுதான் தலைவன், அதைப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் சிதறிப்போகும்' என்று ஊரில் சொல்வார்கள். அப்படி இல்லை. கூட்டத்தின் முதுகெலும்பு பெண்குரங்குகள். பாட்டி, தாய், மகள், பேத்தி என்று ஒரு பெண் பிறந்த கூட்டத்திலேயே கடைசிவரை இருக்கும். தாய்க்கு என்ன மரியாதையோ அதையொட்டித்தான் மகளுக்கும் கூட்டத்தில் மரியாதை. எந்த மரத்தில் எப்போது பழுக்கும், கோடையில் எந்தக் குட்டையில் தண்ணீர் இருக்கும், யாருடைய வயலில் காவல் இல்லை என்ற கணக்கெல்லாம் அவற்றிடம் இருக்கிறது. கடுவன்கள் வளர்ந்த பிறகு பலவும் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்துக்குப் போய்விடும். அப்படிப் போகிற வழியில்தான் ஊருக்குள் ஒற்றைக் கடுவன் வந்து ஓட்டின்மேல் உட்கார்ந்திருக்கும். அதைப் பைத்தியம் பிடித்த குரங்கு என்று நினைத்துக் கல்லால் அடிக்கிறார்கள். விட்டுவிட்டால் பெரும்பாலும் சில நாளில் அது தன் வழியே போய்விடும்.

இந்தச் சாதியில் இன்னொரு விசேஷம், கடுவன்களுக்குள் இருக்கிற ஒற்றுமை. மற்றக் குரங்கினங்கள் பலவற்றில் ஆணும் ஆணும் சேர்ந்தால் சண்டைதான். நாட்டுக்குரங்கில் ஒரே கூட்டத்தில் பல கடுவன்கள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டு, குளிருக்கு ஒட்டி உட்கார்ந்துகொண்டு இருக்கும். 1960-களில் மைசூர்ப் பக்கம் இவற்றைப் பின்தொடர்ந்து பார்த்த ஆராய்ச்சியாளர்களே இதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

பெண்குரங்கு நாலைந்து வயதில் முதல் குட்டி போடும். கர்ப்பம் ஐந்தரை மாதம். ஒரு முறைக்கு ஒரு குட்டி. பெரும்பாலும் மாசி, பங்குனி, சித்திரையில் குட்டி பிறக்கும். பிறந்த குட்டி கறுப்பாக இருக்கும். தாயின் வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தாய் கிளைக்குக் கிளை தாவினாலும் விடாது. குரங்குப் பிடி என்று நாம் சொல்வது இதைத்தான். வைணவப் பெரியவர்கள் குரங்குக்குட்டியையும் பூனைக்குட்டியையும் வைத்தே ஒரு தத்துவம் பேசினார்கள். குரங்குக்குட்டி தானே தாயைப் பிடித்துக்கொள்ளும், பூனைக்குட்டியைத் தாய் கவ்விப் போகும் என்று. நம் ஊர்க் குரங்கை நம்மவர்கள் எவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறார்கள்!

இந்த மாதக் கணக்கை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாசியிலும் பங்குனியிலும் தாய்க்குப் பால் சுரக்க நல்ல தீனி வேண்டும். அப்போது காடு காய்ந்து கிடக்கும். அதே சமயத்தில், மார்கழிப் பட்டத்தில் இறவையில் போட்ட நம் நிலக்கடலை காய் முற்றுகிற தருணம். எண்ணெய்ச் சத்தும் புரதமும் நிறைந்த பருப்பு, தோண்டினால் போதும். குட்டிக்காரி வராமல் என்ன செய்வாள்?

இப்போது நான் பண்ணின தப்பைச் சொல்கிறேன். சில வருஷம் முன்பு வேறு ஒரு வட்டாரத்தில் வேலை. அங்கே ஓர் ஊரில் குரங்குத் தொல்லை தாங்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் மனு எழுதித் தரச் சொன்னார்கள். பிடித்துக் கொண்டுபோய்க் காட்டில் விட்டுவிடலாம் என்று நானே மனுவும் எழுதி, அதற்காக நாலு இடம் அலைந்தேன். அனுமதி கிடைத்தது. கூண்டில் வாழைப்பழம் வைத்து முப்பதுக்கு மேல் பிடித்தார்கள். சில குட்டிகள் வெளியே நின்று கத்தின, தாய் உள்ளே இருந்தது. லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் ஒரு மலையடிவாரத்தில் திறந்துவிட்டார்கள். ஊரில் எனக்கு நல்ல பேர்.

இரண்டு மாதம் கழித்து அந்த மலையடிவாரத்து ஊரிலேயே ஒரு கூட்டம். பேசிக்கொண்டிருக்கும்போது ஓர் அம்மா எழுந்து, "சார், உங்க ஊருக் குரங்கை எங்க தலையில கட்டிட்டீங்களே. முன்னே இருந்த குரங்கு ஆளைக் கண்டா ஓடும். இது வீட்டுக்குள்ள வந்து சட்டியைத் திறக்குது. நாங்க யாருகிட்ட மனு எழுதறது?" என்று கேட்டார். அவருக்கு இருந்தது இருபது சென்ட் நிலம். அதில் போட்டிருந்த மக்காச்சோளத்தில் ஒரு கதிர்கூட வீடு வந்து சேரவில்லை. எனக்குப் பதில் வரவில்லை.

மலையில் ஏற்கெனவே இருந்த கூட்டம் புதிதாக வந்ததை உள்ளே விடவில்லை. வந்தவைகளுக்கோ காட்டில் எது எங்கே பழுக்கும் என்று தெரியாது. ஆள் இருக்கிற இடத்தில் தீனி இருக்கும் என்பது மட்டும் தெரியும். அதனால் அடுத்த ஊரைத் தேடி இறங்கிவிட்டன. சரி, பிடித்த ஊராவது தப்பித்ததா? ஆறு மாதம்கூட இல்லை. காலியான அந்த ஆலமரத்துக்குப் பக்கத்துக் கூட்டம் ஒன்று வந்து குடியேறிவிட்டது. மரம் இருந்தது, குப்பைத்தொட்டி இருந்தது, கோயிலில் தேங்காய் மூடியும் பொங்கலும் இருந்தன. குரங்கை மட்டும்தான் மாற்றினோம்.

இமாசலப் பிரதேசத்தில் 2007 வாக்கில் தொடங்கி ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட செம்முகக் குரங்குகளுக்குக் கருத்தடை செய்தார்கள். அங்கேயும் விவசாயிகளின் புகார் நின்றுவிடவில்லை. அது அரசாங்கம் செய்யவேண்டிய வேலை, பலன் தெரிய வருஷக்கணக்காகும். இந்தப் பட்டத்துக் கடலைக்கு அது உதவாது. நம் கையில் இருப்பதைப் பார்ப்போம்.

முதலில் அதன் நாள் கணக்கு. நாட்டுக்குரங்கு பகல் பிராணி. ராத்திரி அசையாது. நீர்நிலையோரம் உள்ள பெரிய ஆல், அரசு, புளி இவற்றின் உயரக் கிளையில், சிறுத்தைக்கும் நாய்க்கும் எட்டாத இடத்தில், கூட்டமாக ஒட்டி உட்கார்ந்து தூங்கும். விடிந்ததும் இறங்கித் தீனி தேடும். வெயில் ஏறினதும் நிழலில் படுக்கை, பேன் பார்ப்பது, குட்டிகள் விளையாட்டு. வெயில் தாழ்ந்ததும் மறுபடி தீனி. பொழுது சாய்வதற்குள் தூங்கும் மரத்துக்குத் திரும்பிவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் சிலர் ராத்திரி முழுக்கப் பரணில் கண்விழித்துவிட்டு, விடிந்ததும் வீட்டுக்குத் தூங்கப் போகிறார்கள். பன்றிக்கு அது சரி. குரங்குக்கு நேர்மாறு. நீங்கள் பரணைவிட்டு இறங்குகிற நேரம்தான் அது மரத்தைவிட்டு இறங்குகிற நேரம்.

ஆகவே, உங்கள் வயலுக்கு வருகிற கூட்டம் எந்த மரத்தில் தூங்குகிறது என்று ஒரு நாள் சாயங்காலம் போய்ப் பார்த்துவிடுங்கள். எந்த வழியாக வருகிறது என்று மறுநாள் விடியலில் பாருங்கள். பெரும்பாலும் மரத்துக்கு மரம் தாவி, வேலியோரமாகத்தான் வரும். திறந்த வெளியில் நெடுந்தூரம் இறங்கி நடக்க அதற்குப் பயம், நாய் துரத்தினால் ஏற மரம் இல்லையே. வழியில் ஆள் நிற்கவேண்டிய இடம் அந்த மரம் முடிகிற இடம். வயலுக்கு நடுவில் நின்று கத்துவதில் பிரயோஜனம் இல்லை.

நூற்றைந்து நாள் கடலைக்கு நூற்றைந்து நாளும் காவல் போட யாராலும் முடியாது. வேண்டியதும் இல்லை. விதைத்ததிலிருந்து முளைத்து இலை விரியும்வரை ஒரு பத்து நாள். அப்போது பருப்பைத் தோண்டி எடுக்கும். பிறகு காய் பிடித்து முற்றுகிற கடைசி முப்பது நாள். இந்த நாற்பது நாளில் விடியற்காலையிலிருந்து பத்து மணி வரை, பிற்பகல் மூன்றிலிருந்து பொழுது சாயும்வரை ஆள் இருந்தால் சேதம் நன்றாகக் குறையும்.

அடுத்தது, பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் ஒரே வாரத்தில் விதைப்பது. ஒருவர் மட்டும் முன்பட்டத்தில் போட்டால் சுற்றுவட்டாரக் குரங்கு அத்தனையும் அவர் வயலில்தான். எல்லாருடையதும் ஒரே சமயத்தில் முற்றினால் ஆளுக்குக் கொஞ்சம்தான் போகும், காவலையும் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். மரத்தை ஒட்டிய நிலத்தில் கடலை, மக்காச்சோளம் போடாமல் மிளகாய், மஞ்சள், ஆமணக்கு மாதிரி போடலாம். இவற்றைக் குரங்கு பெரும்பாலும் தேடித் தின்பதில்லை. புரொடீனியாப் புழுவுக்காகக் கடலையின் வரப்போரம் ஆமணக்கு போடச் சொல்கிறோமே, அது குரங்கைத் தடுத்துவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். அது தின்னாத பயிர், அவ்வளவுதான். அதற்குள்ளே நுழைந்து கடலைக்குப் போகும்.

பயமுறுத்துவதைப் பற்றியும் சொல்லணும். வெடி, தகரம், உண்டிவில் எல்லாவற்றுக்கும் சில நாள் மதிப்பு உண்டு. சத்தம் மட்டும் வருகிறது, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் அவ்வளவுதான். ஆனால் ஒன்றுக்கு அது பிறவியிலேயே பயப்படும்: சிறுத்தை. முதுமலைக் காட்டில் ஆராய்ச்சியாளர்கள் சிறுத்தைப் பொம்மையைக் காட்டிப் பார்த்து 2000-இல் எழுதியிருக்கிறார்கள். புள்ளி போட்ட பொம்மையைக் கண்டதும் குரங்குகள் அபாயக் குரல் கொடுத்து ஓடின. அதே உருவத்தைக் கறுப்பாகக் காட்டியபோது அந்த அளவுக்கு மிரளவில்லை. 2019-இல் கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டத்து விவசாயி ஒருவர் தன் நாய்க்குப் புலி மாதிரி வரி தீட்டித் தோட்டத்தில் விட்டாராம், பத்திரிகையில் படம் வந்தது. சிரிப்பாக இருந்தாலும் அவர் யோசனை மோசம் இல்லை. நாய் ஓடும், குரைக்கும். பொம்மை வைப்பதானால் புள்ளி போட்டதாக இருக்கட்டும். தினமும் இடம் மாற்றுங்கள், பாதி செடிக்குள் மறைந்திருக்கட்டும், கடைசி முப்பது நாளைக்கு மட்டும் வெளியே எடுங்கள். பட்டம் முழுக்க ஒரே கம்பத்தில் நின்றால் அதன் தலைமேல் உட்கார்ந்து பேன் பார்க்கும்.

தென்னைக்குத் தகரம் அடிக்கலாமா என்று கேட்கிறார்கள். எலிக்கு அடிக்கிற ஒரு முழத் தகரம் குரங்குக்குப் போதாது, தாவிப் பிடித்துவிடும். அதைவிட அகலமாக, வழுவழுப்பாக இருக்கணும். அதோடு பக்கத்து மரத்து மட்டை இந்த மரத்தைத் தொடக்கூடாது. தனி மரத்துக்குச் சரி. நெருக்க நட்ட தோப்புக்கு அது வீண் செலவு.

மின்சாரக் கம்பியை வேலியில் இழுத்துவிடுகிறவர்களுக்குக் கைகூப்பிச் சொல்கிறேன், வேண்டாம். குரங்கு தப்பித்துவிடும். தண்ணீர் கட்டப் போகிற உங்கள் பிள்ளை தப்பமாட்டான். மின்வேலிக்கென்று தமிழ்நாடு அரசு 2023-இல் தனி விதிகளே போட்டிருக்கிறது. சூரிய வேலி போடுவதானாலும் காட்டோரத்தில் வனத்துறையைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். விஷம் வைப்பதும் அப்படியே. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நாட்டுக்குரங்கைக் கொல்வது குற்றம், வனத்துறை அனுமதி இல்லாமல் பிடிப்பதும் குற்றம். விஷம் வைத்தால் முதலில் சாவது ஊர் நாயும் ஆடும்தான்.

'இவ்வளவு பெருகிப் போயிருக்கிறதே, அதற்கு என்ன பாதுகாப்பு?' என்று கேட்பீர்கள். பெருகவில்லை. மைசூரைச் சுற்றிய சாலைகளில் 25 ஆண்டு இடைவெளியில் எண்ணிப் பார்த்தவர்கள், நாட்டுக்குரங்கு 65 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டதாக 2017-இல் எழுதினார்கள். சாலையை அகலப்படுத்த ஆலும் அத்தியும் வெட்டப்பட்டது ஒரு காரணம். வடக்கே செம்முகக் குரங்கு கோதாவரியைத் தாண்டித் தெற்கே இறங்கி, இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது என்று 2011-லேயே எச்சரித்திருக்கிறார்கள். வேறு ஊரில் பிடித்த குரங்கை இங்கே கொண்டுவந்து விடுவதும் அதற்கு வழிசெய்கிறது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இப்போது நாட்டுக்குரங்கை அழிய வாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. சாலையோர மரங்களில் சிதறி இருந்தது குறைந்து, மிச்சம் இருப்பது நம் வாசலில் வந்து உட்கார்ந்திருப்பதால் நமக்குப் பெருகினதாகத் தெரிகிறது.

வாசலுக்கு அழைப்பது யார்? சனிக்கிழமை வாழைப்பழம் வாங்கிப் போடுகிறோம், அனுமாருக்குப் புண்ணியம் என்று. பக்தியைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பழத்துக்கு விலை கொடுக்கிறவர் ஊர்க்கோடியில் இருக்கிற நிலக்காரர். தீனி கையிலிருந்து கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட குரங்கு, கொடுக்காவிட்டால் பிடுங்கும், கடிக்கும். கோயில் பிரசாதம் மீந்தால் மாட்டுக்குப் போடலாம். குப்பைத்தொட்டிக்கு மூடி போடலாம். ஊர்ப் புறம்போக்கிலும் ஏரிக்கரையிலும் அத்தி, ஆல், நாவல் போத்துகளும் கன்றுகளும் நட்டால், கோடையில் அதற்கு வேறு வேலை கிடைக்கும். அதற்குப் பத்து வருஷமாவது ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். காட்டோர ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. குரங்கு செத்துக் கிடந்தால் தொடாதீர்கள். கர்நாடகத்தில் ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் 1957-இல் குரங்குகள் செத்து விழுந்தன, தொடர்ந்து மனிதருக்கும் காய்ச்சல் வந்தது. செத்த குரங்கின் மேலிருந்து இறங்குகிற உண்ணி கடித்துத்தான் அது பரவுகிறது. ஒன்றுக்கு மேற்பட்டவை செத்துக் கிடந்தால் வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

மருந்து கேட்ட பெரியவரிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, அவரோடு போய் அந்தக் கூட்டம் தூங்குகிற புளியமரத்தைப் பார்த்தேன். அவர் நிலத்திலிருந்து முந்நூறு அடிகூட இருக்காது. நடுவில் வரிசையாக வேலிக்கருவேல், குரங்குக்குப் பாலம் போட்ட மாதிரி. அதில் முப்பது அடிக்கு வெட்டித் திறந்துவிடுவதாகச் சொன்னார். பக்கத்து நிலக்காரர்கள் ஆறு பேரும் அவரும் மார்கழிப் பட்டத்துக்கு ஒரே வாரத்தில் விதைப்பதாகவும், காலையும் சாயங்காலமும் வீட்டுக்கு ஓர் ஆள் முறை வைப்பதாகவும் பேச்சு. விதைக்கடலை அவருக்கு அண்ணன் வீட்டிலிருந்து வருகிறது. பங்குனியில் எத்தனை மூட்டை தேறினது என்று கேட்டு வந்து சொல்கிறேன்.